கழுவக் கூடாத கல்

இருபத்திரண்டு வருஷமாக ஞாயிற்றுக்கிழமை மத்தியானப் பாத்திரம் என் பொறுப்பு. ஊரே குறட்டை விடும் நேரத்தில் நான் மட்டும் தொட்டியில் தலையை விட்டுக்கொண்டு நிற்பேன். இனி ஞாயிறு மத்தியானம் நானும் தூங்கியே தீருவேன் என்று சபதம் செய்தேன். மனசுக்குள்தான். வாய்விட்டுச் சபதம் செய்யும் வசதி எங்கள் வீட்டில் கிடையாது.

வழி காட்டியவர் அடுப்புக் கடைக்காரர். வீட்டுக்கு வெளியே வைத்துச் சமைக்கும் கேஸ் அடுப்பு ஒன்றைக் காட்டினார். மேலே கட்டில் அகலத்துக்குத் தட்டையான இரும்புக் கல்.

"பர்னர் ரெண்டு போதுமா சார், நாலு வேணுமா?"

"அது கிடக்கட்டும். இதை எப்படிக் கழுவறது?"

"கழுவவே கூடாது சார். சோப்பு பட்டா கல்லு துருப்பிடிச்சுடும். சூடு ஆறுறதுக்குள்ள சுரண்டி, துடைச்சு, எண்ணெய் தடவி மூடிடணும்."

"இன்னொரு தரம் சொல்லுங்க."

"எண்ணெய் தடவி..."

"அது இல்லைய்யா. முதல்ல சொன்னது."

"கழுவவே கூடாது."

காதில் தேன் பாய்ந்தது. நாலு பர்னரே எடுத்தேன். ஒரே கல்லில் இரண்டு மாங்காய் என்பார்கள். இந்தக் கல் அகலத்துக்கு மாந்தோப்பே விழும்.

வீட்டுக்கு வந்ததும் மனைவிக்கு வலையை விரித்தேன்.

"ஏம்மா, இனிமே ஞாயித்துக்கிழமை சமையல் இதுலதான். நீ காத்தாட நின்னு சமைக்கலாம். பாத்திரம் எப்பவும்போல நானே தேய்ச்சுடறேன்."

"பேச்சு மாற மாட்டீங்களே? கல்லுல சமைக்கிறவங்க பாத்திரத்தைத் தொடக் கூடாது. சம்மதமா?"

"சம்மதம்!"

அந்த ஞாயிறு முட்டை, மீன், காளான் எல்லாம் கல்லில் சுர்ரென்று பாடின. சாப்பிட்டு, பாயை விரித்தேன்.

"எங்க படுக்கிறீங்க?"

"கல்லைக் கழுவக் கூடாதாம்மா. கடைக்காரர் கண்டிஷனா சொல்லிட்டார்."

"கல்லை யாரு கழுவச் சொன்னா? நான் சுரண்டி மூடியாச்சு. நீங்க உள்ள போய்ப் பாருங்க."

போய்ப் பார்த்தேன். தொட்டி தெரியவில்லை. வெங்காயத்துக்கு ஒரு கிண்ணம், காளானுக்கு ஒன்று, மீன் ஊறிய சட்டி, அதன் மூடி, மூடியை வைக்க ஒரு தட்டு.

"முட்டை அடிக்க எதுக்கு மூணு பாத்திரம்?"

"வெள்ளைக்கரு தனி, மஞ்சக்கரு தனி, ஓடு தனி."

பாயில் அவள் படுத்துக்கொண்டாள்.

அடுத்த ஞாயிறு நான் உஷார்.

"இந்த வாரம் கல்லுல நான் சமைக்கிறேன். பாத்திரம் நீ தேய்."

"சரிங்க."

அவள் வாயிலிருந்து "சரிங்க" வந்து, பின்னாலேயே ஒரு "ஆனா" வராமல் இருந்தது கல்யாண மேடைக்குப் பிறகு அதுதான் முதல் தடவை. பயந்திருக்க வேண்டும். நான் சந்தோஷப்பட்டேன்.

வெயிலில் நின்று வெந்தேன். மீன் ஒரு பக்கம் வெந்தது, நான் இரண்டு பக்கமும்.

"கிண்ணம் குடும்மா, முட்டை அடிக்கணும்."

"எதுக்குங்க? நேரா கல்லு மேலயே உடைச்சு ஊத்துங்க. வெங்காயம் நறுக்கினதாவே கவர்ல கிடைச்சுது. மீனையும் கடையிலயே சுத்தம் பண்ணிப் பொட்டலமா குடுத்துட்டாங்க."

சாப்பிட வந்தால் காகிதத் தட்டு. சாப்பிட்டு முடித்ததும் எல்லாம் ஒரே சுருட்டாகக் குப்பைக் கூடைக்குப் போயிற்று.

"அப்ப நீ எதைத்தான் தேய்ப்பே?"

"தேய்க்கலாம்னுதான் பார்க்கறேன், ஒண்ணும் கிடைக்கலையே! கல்லு இருக்கு, அதைக் கழுவக் கூடாதாம். கடைக்காரர் கண்டிஷன். போங்க, சூடு ஆறுறதுக்குள்ள சுரண்டுங்க, துருப்பிடிச்சுடும்."

சுரண்டினேன். துடைத்தேன். கல்லுக்கு அடியில் எண்ணெய் வழிந்து நிறைந்திருந்த தட்டைக் கொட்டினேன். எண்ணெய் தடவி மூடினேன். அதற்குள் அவள் ஒரு தூக்கம் முடித்து எழுந்துவிட்டாள்.

போகட்டும், வாரத்தில் ஒரு நாள்தானே, மீதி ஆறு நாள் இருக்கிறதே என்று மனசைத் தேற்றிக்கொண்டு திங்கட்கிழமை காலை சமையலறைக்குள் போனேன். அடுப்பு இருந்த இடம் காலி.

"ஏம்மா, அடுப்பு எங்கே?"

"சர்வீஸுக்குக் குடுத்திருக்கேங்க, வர பத்து நாளாகுமாம். இந்த வாரம் கல்லுல சமையல் உங்களோடதுன்னு நீங்கதானே சொன்னீங்க? சீக்கிரம் போய்க் கல்லைப் பத்த வைங்க, உங்களுக்குத்தான் ஆபீஸுக்கு நேரமாகுது!"