மாலதிக்கு மூன்று முடிவு

எனக்குப் பேச வராது. எழுதினால் இரண்டு வரி வரும். அந்த இரண்டு வரியால் ஒரு நாள் என் கல்யாணமே போகப் பார்த்தது.

எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவன் நான். குன்னூர் பக்கம் ஒரு டீ பாக்டரிக்குப் பச்சை இலை எடுக்கும் ஷெட்டில் வேலை. சின்னத் தோட்டக்காரர்கள் மூட்டை கொண்டு வருவார்கள். பிரித்துப் பார்ப்பேன். துளிர் எவ்வளவு, தண்டு எவ்வளவு என்று நோட்டில் ஒரு வரி எழுதுவேன். ஆள் பெயர் தெரியாது. மூட்டை நம்பர்தான் தெரியும்.

மூட்டை வராத நேரத்தில் போனில் காதல் கேம் ஆடுவேன். (சிரிக்காதீங்க. மழையில ஷெட்டுல தனியா உக்காந்து பாருங்க, தெரியும்.) அதில் ஓட்டம், சண்டை கிடையாது. படம் வரும், பேச்சு வரும், நடுவில் மூன்று பதில் வரும். ஒன்றைத் தொட வேண்டும். தொட்டதைப் பொறுத்துக் கதை ஒரு பெண்ணின் பக்கம் திரும்பும். ஒவ்வொரு பெண்ணுக்கும் தனிக் கதை. அதை ரூட் என்பார்கள். கோயமுத்தூர்ப் பிள்ளைகள் சிலர் அந்தக் கேமைத் தமிழாக்கியிருந்தார்கள். பெண்களின் பெயரையும் மாற்றி மாலதி, கோமதி என்று வைத்துவிட்டார்கள். என் கேடு அங்கேதான் தொடங்கியது.

ரூட் எப்படி இருக்கிறது என்று அவர்களுடைய வாட்ஸப் குரூப்பில் விமர்சனம் எழுதச் சொன்னார்கள். மற்றவர்கள் பக்கம் பக்கமாக எழுதினார்கள். நான் இரண்டு வரி, பத்துக்கு இத்தனை என்று மார்க். அதற்கு மேல் எனக்கு வராது. அவர்கள் அதை ஸ்டைல் என்று நினைத்துக்கொண்டார்கள். “அண்ணன் சொல்லிட்டா முடிஞ்சுது” என்றார்கள். எனக்குத் தலைக்கனம் வந்துவிட்டது. முதலில் எழுதிப் பார்க்கத் தனி நோட்டே போட்டேன். ஷெட் நோட்டு மாதிரியே பழுப்பு அட்டை. (தனி நோட்டு வாங்கத் தெரிஞ்சவனுக்கு வேற கலர் வாங்கத் தெரியலை.)

அப்போதுதான் அம்மா ஒரு போட்டோவைக் காட்டினாள். சரண்யா. எனக்குப் பிடித்தது. எவ்வளவு பிடித்தது என்று சொல்ல வராததால் தலையை ஆட்டினேன். அதற்கு முன் மூன்று இடத்தில், ‘பையன் வாயே திறக்கலையே’ என்று தட்டிப்போயிருந்தது. “இதும் தட்டுச்சுன்னா இனி நான் அலைய மாட்டேன் சாமி” என்றாள் அம்மா.

ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்க ஜெகதளா போனோம். கதவைத் திறந்தவரைப் பார்த்ததும் என் கால் ஓரடி பின்னால் போனது. நம்பர் பதினேழு. போன வாரம்தான் அவர் மூட்டையைத் திருப்பி அனுப்பியிருந்தேன். பெண்ணின் அப்பா அவர்தான்.

“அட, இலைக்காரத் தம்பியா!” என்றார். உட்கார வைத்தார். டீ வந்தது. வந்த காரியத்தைப் பேசவில்லை. “எம்பட இலையில என்னங் தம்பி குத்தம்?” என்றார்.

“தண்டுங்க.”

“நோட்டுல அப்படித்தான் எழுதியிருக்குதா? காட்டுங்க பாக்கலாம்.”

வேலையில் சுத்தமான ஆள் என்று காட்ட நல்ல சந்தர்ப்பம். ஜெர்கினுக்குள் கைவிட்டு, பார்க்காமலே எடுத்து நீட்டினேன்.

அவர் சத்தமாகப் படிக்கிற ஆள்.

“ரேவதி. சாதுவான பெண். நாலு நாளில் முடிந்தது. பத்துக்கு ஏழு.”

அம்மா என்னைப் பார்த்தாள்.

“நர்ஸ் ஷீலா. எதற்கெடுத்தாலும் அழுகை. பாதியில் விட்டுவிட்டேன். பத்துக்கு இரண்டு.”

உள்ளே பாத்திரச் சத்தம் நின்றது.

“கோமதி. தண்டு அதிகம். துளிர் கடைசியில்தான். பத்துக்கு ஆறு.” அவர் நிமிர்ந்தார். “ஏனுங்க, பொண்ணுகளுக்கும் இதே பேச்சுதானா?”

நோட்டுக்குக் கை நீட்டினேன். அவர் விடவில்லை.

“மாலதி. மூன்று முடிவு. ஒன்றில் கல்யாணம் செய்துகொண்டேன். ஒன்றில் ஓடிப்போனாள். ஒன்றில் செத்துப்போனாள். மூன்றும் நன்றாக இருந்தது. பத்துக்கு ஒன்பது.”

அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். “டேய், யாருடா அந்த மாலதி? எப்படா செத்தா?”

விளக்க நூறு வார்த்தை வேண்டும். என்னிடம் ஒன்றுதான் இருந்தது.

“கேமுங்க” என்றேன்.

“கேமா! பொண்ணுகள வெச்சுக் கேமா!” அவர் எழுந்தேவிட்டார்.

வேறு வழியில்லாமல் போனைத் திறந்து நீட்டினேன். மாலதி பஸ் ஸ்டாப்பில் மழையில் நின்றாள். ‘வீட்டில் எனக்கு மாப்பிள்ளை பார்க்கிறார்கள். நான் என்ன செய்ய?’ என்று கேட்டாள். கீழே மூன்று பதில். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். இன்னொரு தரம் படித்தார். முகத்தில் கோபம் போய்க் கவலை வந்தது.

“பாவமுங்க இந்தப் புள்ளை. நனையுது பாருங்க.”

‘உன் அப்பாவிடம் வந்து பேசுகிறேன்’ என்பதைத் தொட்டார். (ஒரு அப்பா வேற எதைத் தொடுவாரு?) மாலதி கண்ணீரோடு பஸ் ஏறிப் போய்விட்டாள். திரை கறுத்தது.

“என்னங் தம்பி, போயிருச்சு! நாயமாத்தானே சொன்னேன்?”

“தப்பான பதிலுங்க. திரும்ப ஆடலாம்.”

உட்கார்ந்து திரும்ப ஆட ஆரம்பித்தார்.

அதற்குள் சரண்யா வெளியே வந்து, அவர் கீழே போட்ட நோட்டை எடுத்திருந்தாள். ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினாள். கடைசிப் பக்கத்தில் நின்றாள். போட்டோ வந்த அன்று எழுதியது அங்கே இருந்தது.

‘சரண்யா. ஜெகதளா. இது கேம் இல்லை. தப்பாகச் சொன்னால் பழைய இடத்துக்குத் திரும்ப முடியாது. போட்டோவில் சிரிப்பை அடக்குகிறாள். பயமாக இருக்கிறது.’

நான் எழுதியதிலேயே நீளமான விமர்சனம் அதுதான்.

“இதுக்கு மட்டும் ஏனுங்க மார்க் போடலை?” என்றாள்.

“இன்னும் தொடங்கலீங்க.”

போட்டோவில் அடக்கிய அதே சிரிப்பை அடக்கினாள். “நோட்டு இங்கயே இருக்கட்டுங்க” என்றாள்.

“அதுல குரூப்புக்குப் போடாத ரூட் ரெண்டு இருக்குங்க” என்றேன்.

அம்மா என் காலை மிதித்தாள். நோட்டைக் கேட்டதே சம்மதம்தான் என்று பஸ்ஸில் வரும்போதுதான் சொன்னாள்.

சரண்யாவின் அப்பா போனிலிருந்து தலையைத் தூக்கவில்லை. “உனக்குச் சரின்னா எனக்கும் சரி அம்மிணி. இந்தப் புள்ளை மறுக்காவும் ஓடிப்போச்சு பாரு.”

மாமனார் இன்னும் எங்கள் வீட்டுக்கு வந்தால் முதலில் என் போனைத்தான் கேட்பார். சரியான பதில் எது என்று நாங்கள் எல்லோரும் சொல்லியாகிவிட்டது. கேட்க மாட்டார். “அப்பன்கிட்டச் சொல்லாம என்னங் கல்யாணம்?” என்று அதையேதான் தொடுவார். மாலதியும் சளைக்காமல் பஸ் ஏறுவாள். எங்கள் வீட்டில் யாராவது கோபித்துக்கொண்டு எழுந்து போனால், “மாலதி பஸ் ஏறிட்டா” என்போம்.

நோட்டு சரண்யாவின் பீரோவில் இருக்கிறது. கடைசிப் பக்கத்தில், என் எழுத்துக்குக் கீழே, அவள் எழுதியதைப் போன மாதம்தான் பார்த்தேன். ‘தண்டு அதிகம். துளிர் கடைசியில்தான்.’

“மார்க்?” என்று கேட்டேன்.

“முடியட்டும், போடறேன்” என்றாள்.

நான் ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் சரியான பதில் போலிருக்கிறது. டீ வந்தது.