பினாங்கிலிருந்து வராத ஸ்கிரீன்

ஈப்போ புந்தோங்கில் அத்தனை பொய் சொல்லியும் அடி வாங்காமல் நடமாடும் ஒரே மனிதர் 'நாளைக்கி அண்ணே'தான். கைப்பேசி பழுது பார்ப்பவர். சொந்தப் பெயர் அவருக்கே மறந்திருக்கும். பெரியவர்களின் போனை அரை மணியில் கொடுத்துவிடுவார். பள்ளிப் பிள்ளைகளின் போன் என்றால் மட்டும், "பாராங் வரலலா. பினாங்குல இருந்து வரணும். நாளைக்கி வாங்க" என்பார். நடந்தே வந்திருந்தாலும் அந்தப் பாராங், அதாவது சாமான், ஈப்போவை மூன்று தடவை சுற்றிப் போயிருக்கும்.

நான் படிவம் மூன்றோடு படிப்பை விட்டவள். இடி இடித்தால் வீட்டிலுள்ள எல்லா சுவிட்சையும் அணைக்கிறவள். என் பதினைந்து வயது மகள் யாழினி போனைச் சுவரில் வீசியபோது எனக்கு உடைந்ததைப் பொறுக்கி எடுக்கத்தான் தெரிந்தது. வகுப்புப் பிள்ளைகள் அவள் படத்தை வாட்ஸ்அப்பில் போட்டுச் சிரித்திருக்கிறார்கள். பிள்ளை சாப்பிடவில்லை, பேசவில்லை. போன் சரியானால் அவளும் சரியாகிவிடுவாள் என்று நம்பி ஓடினேன்.

அண்ணே போனைப் புரட்டிப் பார்த்தார். "கீழ விழுந்தது மூலையில உடையும்கா. இது எறிஞ்சது. யாரு?"

"மகதான்."

"நாளைக்கி அவளையே வரச் சொல்லுங்க."

யாழினி முறைத்துக்கொண்டே போனாள். பிஸ்கட் டின் நிறைய ஸ்க்ரூவைக் கொட்டி, அளவு பார்த்துப் பிரிக்கச் சொன்னாராம். மறுநாளும் அதே வேலை.

"வந்துருச்சா அங்கிள்?"

"வரலலா. நீ அந்தச் சின்ன ஸ்க்ரூவ எடு."

ஒன்பதாம் நாள் நானே சண்டைக்குப் போனேன். "என்னண்ணே, பினாங்கு கடல்ல முங்கிருச்சா?"

மேசை டிராயரை இழுத்தார். உள்ளே பத்துப் பன்னிரண்டு போன்கள், எல்லாம் புதுக் கண்ணாடியோடு. யாழினியுடையதும் இருந்தது.

"மொத நாளே செஞ்சிட்டேங்கா. கண்ணாடிய மாத்திடலாம். அதுல வர்ற மெசேஜ மாத்த எங்கிட்ட சாமான் இல்ல." குரலைத் தாழ்த்தினார். "நேத்து நல்லா அழுதா. அப்புறம் ரெண்டு ரொட்டி சானாய் தின்னா. ஆஸ்பத்திரியில இதுக்குன்னு டாக்டர் இருக்காங்க. கூட்டிட்டுப் போங்கக்கா."

கூட்டிப்போனேன். இன்னும் போய்க்கொண்டுதான் இருக்கிறோம். சில நாள் சிரிக்கிறாள். பல நாள் அறைக் கதவு சாத்தியே கிடக்கிறது. நான் வெளியே நின்று மூச்சுச் சத்தம் கேட்கிறதா என்று காதை வைக்கிறேன்.

போன வாரம் பள்ளி விட்டு வந்தவள் முகம் கறுத்திருந்தது. போனை என் கையில் திணித்தாள். "அங்கிள்கிட்ட குடுத்துட்டு வாம்மா."

"உடையலையேம்மா?"

"உடையல. பாராங் வரலன்னு சொல்லச் சொல்லு."

அண்ணே கீறல்கூட இல்லாத போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

"பினாங்குல இருந்து வரணும்லா."

"மெதுவா வரட்டும்ண்ணே" என்றேன்.