ரிசப்ஷனில் ரிவர்ஸ் எடுத்த கேம்பாய்

தான் செய்வதை உலகத்தில் வேறு யாருமே செய்யவில்லை என்று நம்புவதற்குப் பெரிய கர்வமெல்லாம் தேவையில்லை. வீட்டில் இன்டர்நெட் இல்லாமல் இருந்தால் போதும். இரண்டாயிரங்களின் நடுவில், திருவொற்றியூரில், எனக்குக் கர்வமும் இருந்தது.

பிரவுசிங் சென்டரில் தற்செயலாக ஒரு பாட்டுக் கேட்டேன். கேம்பாய் என்கிற கையடக்க வீடியோ கேம் பெட்டியின் கீச்சுக் குரலை மட்டும் வைத்து எவனோ ஒரு வெள்ளைக்காரன் இசையமைத்திருந்தான். சிப் மியூசிக் என்று பெயராம். அவனை விட்டால் உலகத்தில் நான்தான் என்று முடிவுகட்டி, உடனே பர்மா பஜாரில் பழைய கேம்பாய் ஒன்றை வாங்கினேன். பாட்டுப் போடுவதற்கான தனிக் கேசட்டைக் கப்பலில் வேலை பார்த்த நண்பன் கொண்டுவந்தான். (சென்ட் பாட்டில் கேட்பேன் என்று நினைத்திருந்தான், பாவம்.)

அக்காவுக்குக் கல்யாணம் நிச்சயமானது. ரிசப்ஷனில் ஜோடி மேடையேறும்போது என் இசைதான் என்று அடம்பிடித்தேன்.

"இன்னாடா இது, எலி மாட்டிகினா மாதிரி கீச்சு கீச்சுன்னு கீது?" என்றாள் அக்கா.

"உலகத்துலயே யாரும் பண்ணாதது அக்கா!"

கூடப் பிறந்த பாசம் கண்ணை மறைத்தது. சம்மதித்துவிட்டாள்.

மண்டபம் எண்ணூர் ரோட்டோரம். கேம்பாயின் ஒயரை மைக் செட்டில் செருகிக் காத்திருந்தேன். ஜோடி நடந்து வந்தது. பட்டனை அழுத்தினேன்.

"பீங்... பீங்... பீங்..."

மெதுவாகத் தொடங்கிச் சூடு பிடிக்கும் என்பது என் திட்டம். ஆனால் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே பிறந்து வளர்ந்த எங்கள் ஜனத்துக்கு அந்த ஓசை என்றால் ஒரே அர்த்தம்தான்.

"டிரெய்லர் ரிவர்ஸ்ல வருது! வண்டிய எடுங்கடா!"

யாரோ கத்த, ஆண்கள் பைக் சாவியோடு வாசலுக்கு ஓடினார்கள். பின்னாலேயே குழந்தைகள், அவர்களைப் பிடிக்கப் பெண்கள். டிரெய்லர் ஓட்டும் எங்கள் மாமா பந்தியிலிருந்து எச்சில் கையோடு பாய்ந்து போய், (பழக்க தோஷம்) இல்லாத லாரிக்கு, "வா, வா, லெஃப்டுல ஒடி... அங்கியே நில்லு!" என்று வழிகாட்டினார். அக்காவும் மாப்பிள்ளையும் காலி நாற்காலிகளைக் கும்பிட்டபடி மேடையேறினார்கள்.

கூனிக் குறுகி நின்ற என்னிடம் மாப்பிள்ளையின் தங்கை வந்தாள். பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை.

"கேம்பாயா?"

போன உயிர் வந்தது. "ஆமாங்க! யாருமே பண்ணாத..."

"அய்ய, அல்லாரும் இதையேதானே பண்றாங்க? எங்க ஆபீஸ்லயே மூணு பேர் வச்சிகினு கீறாங்க. உலகத்துல வேற பழைய மெஷினே இல்லியா உங்களுக்கெல்லாம்?"

லாரி என்றபோதுகூட நான் அழவில்லை. இதற்குத்தான் கண் கலங்கியது.

அவளையே பிற்பாடு கல்யாணம் செய்துகொண்டேன். இன்றைக்கும் வீட்டு விசேஷத்தில் நான் மைக் பக்கம் நகர்ந்தால் போதும். மாமா எழுந்து, "அல்லாரும் வண்டிய எடுங்கப்பா!" என்பார். என் மனைவி மட்டும் சும்மா இருக்கமாட்டாள்.

"அவர போயி லாரியோட சேக்காதீங்க மாமா. லாரிக்காரங்களாவது ஆளுக்கொரு டியூன் வச்சிருக்காங்க."