லிப்ட் மெக்கானிக் வரலாறு படித்தார்

இந்த வருடமும் லீவில் மலை ஏறச் சொன்னால் சந்நியாசம் வாங்கிக்கொண்டு போய்விடுவது என்று லிப்ட் மெக்கானிக் முடிவு செய்தார். சந்நியாசம் வாங்கினாலும் மலைதான் ஏற வேண்டியிருக்கும் என்பது கொஞ்சம் தாமதமாக உறைத்தது. முடிவை வாபஸ் வாங்கிக்கொண்டார்.

அவர் கஷ்டம் நியாயமான கஷ்டம். லிப்ட் ஒழுங்காக ஓடுகிற கட்டடத்தில் அவருக்கு வேலை இல்லை. நின்று போனால்தான் கூப்பிடுவார்கள். நின்றுபோன லிப்டின் மோட்டார் எப்போதும் மொட்டை மாடியில்தான் இருக்கும். ஆகவே அந்த ஊரிலேயே அதிகமாகப் படி ஏறுகிற மனிதர் யார் என்றால், அது லிப்ட் மெக்கானிக்தான். லீவு என்று வந்தால் கடலோரமாக ஓர் அறை, அறையில் ஒரு கட்டில், கட்டிலில் குப்புறப் படுத்த நிலையில் தான். இவ்வளவுதான் அவர் கடவுளிடம் கேட்டது. கடவுள் மனைவியைக் கேட்டுச் சொல்வதாகச் சொல்லிவிட்டார்.

மனைவிக்கோ எங்கேயாவது ஒரு சுவர் இடிந்து கிடக்கிறது என்று காதில் விழுந்தால் போதும், பெட்டியைக் கட்டிவிடுவாள். பதினான்கு வருடமாக மருந்துக்கடையில் நின்று டாக்டர்களின் கையெழுத்தைப் படித்துப் பழகிய கண் அவளுக்கு. அந்தக் கண்ணால் படிக்க முடியாத எழுத்து கிடையாது. புருஷன் முகமெல்லாம் அவளுக்குப் பெரிய எழுத்துப் பாலபாடம்.

“மலைக்கோட்டைக்கு டிக்கெட் போட்டாச்சு. அறுநூத்திப் பன்னெண்டு படியாம்” என்றாள், காபியை நீட்டிக்கொண்டே.

“ஏம்மா, அந்தக் கோட்டையில அப்படி என்ன இருக்கு?”

“கல்லு இருக்கு.”

“கல்லு இங்க இல்லையா? தெரு முனையில ரெண்டு லோடு கொட்டி வெச்சிருக்கான். போய்ப் பார்த்துட்டு வா. நான் வேணா செருப்பு எடுத்துத் தரேன்.”

“அந்தக் கல்லுக்கு வரலாறு கிடையாதுங்க.”

“ஆமா, உனக்கு ரொம்ப வரலாறு தெரியும்!”

“உங்களைவிடக் கொஞ்சம் கூடத் தெரியும். நான் ஒண்ணும் மாட்டுத் தண்ணித் தொட்டியைக் காட்டி, ராஜா குளிச்ச இடம்னு சொல்லல.”

மெக்கானிக்கின் காபி பாதியில் கசந்தது. போன வருடத்துச் சமாசாரம் அது. ஏதோ ஒரு கோட்டையில், கூட வந்த இன்னும் இரண்டு குடும்பங்களையும் நிறுத்திவைத்து, ஒரு நீளமான தொட்டியைக் காட்டி, ராஜா எந்தப் பக்கம் தலைவைத்துக் குளித்தார் என்பதுவரை விளக்கிக்கொண்டிருந்தார். காவல்காரர் வந்து, அது தானே கூட நின்று பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் கட்டின தொட்டி என்றும், அதில் குளித்த ஒரே ஜீவன் ஓர் எருமை என்றும் சொன்னார். அன்றிலிருந்து வீட்டில் எந்தப் பேச்சு எடுத்தாலும் அந்த எருமை வந்து படுத்துக்கொண்டது.

“அப்படியா? சவால்!” என்று டம்ளரை மேஜைமேல் வைத்தார். “ரெண்டு பேரும் அந்த ஊரைப் பத்திப் படிப்போம். கோட்டை உச்சியில பத்துக் கேள்வி. யாரு ஜெயிக்கிறாங்களோ அவங்க சொல்ற ஊருக்குத்தான் அடுத்த வருஷம் லீவு. மறுபேச்சு கூடாது.”

“தோத்தவங்க முகத்தைத் தூக்கி வெச்சுக்கக் கூடாது.”

“கூடவே கூடாது!”

ஆறாம் வகுப்புப் படிக்கிற மகள் நடுவராகவும் கேள்வி தயாரிப்பவளாகவும் நியமிக்கப்பட்டாள். வகுப்பில் பேசுகிறவர்கள் பெயரை எழுதிக் கொடுத்தே பழகின கை. அப்பா அம்மா என்று பார்க்காது.

மெக்கானிக்கின் கணக்கு சுலபமானது. இந்த ஒரு மலையை ஏறித் தொலைத்துவிட்டால் அடுத்த வருடம் கடல், கட்டில், குப்புறப் படுக்கை. அதற்காக நானூறு பக்கம் படித்தால் என்ன, குறைந்தா போய்விடுவோம்?

மறுநாள் மனைவி நூலகத்திலிருந்து புத்தகத்தைக் கொண்டுவந்தாள். அந்த ஊரின் அரசர்கள், மக்கள், வீடுகள், தொழில்கள் எல்லாம் ஒரே புத்தகத்தில். காலையில் அவருக்கு, சாயங்காலம் அவளுக்கு என்று முறை போட்டுக்கொண்டார்கள்.

இருபது வருடமாக அவர் படித்ததெல்லாம் மெஷினோடு வருகிற கையேடுகள்தான். அவற்றில் விஷயமே கடைசிப் பக்கங்களில்தான் இருக்கும்: என்ன பழுது, என்ன காரணம். அதே வழக்கத்தில் வரலாற்றையும் பின்னாலிருந்து ஆரம்பித்தார். அவர் படித்த முறையில் ராஜ்யம் முதலில் கவிழ்ந்தது. அப்புறம் கவிழ்த்தவன் பட்டத்துக்கு வந்தான். அதற்கும் அப்புறம்தான் அவனுடைய அப்பாவுக்குக் கல்யாணம் நடந்தது.

“இந்த அப்பன்காரன் பரவாயில்லம்மா. மெயின்டனன்ஸ் ஒழுங்காப் பார்த்திருக்கான். பையன்தான் சொட்டு எண்ணெய் விடாமக் கெடுத்துட்டான்” என்றார்.

முதல் வாரம் மூன்று பக்கத்துக்கு ஒரு தூக்கம் என்ற விகிதத்தில் வரலாறு நகர்ந்தது. “எந்த ராஜா வரைக்கும் தூங்கியிருக்கீங்க?” என்று மனைவி தினமும் அக்கறையாக விசாரிப்பாள்.

அப்படித் தூங்கிக்கொண்டே போனவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை நிமிர்ந்து உட்கார்ந்தார். புத்தகத்தின் நடுவில் மருந்துக்கடைக் காகித உறை ஒன்று செருகியிருந்தது. ஓஹோ, எதிராளி இங்கேதான் படிக்கிறாளா என்று உளவு பார்க்கிற ஆசையில் அந்த இடத்தைப் பிரித்தார்.

கோட்டை உச்சியில் தானியக் கிடங்கு. மூட்டைகளை ஆட்கள் முதுகில் சுமந்து ஏறுவார்களாம். ஒரு நாள் ஒரு சுமையாள் சறுக்கி விழுந்ததை அரசி கண்ணால் பார்த்துவிட்டாள். அன்றே உத்தரவு. மலை விளிம்பில் ஒரு மரச்சட்டம், அதில் ஒரு கப்பி, கப்பியில் ஒரு கயிறு. ஒரு முனையில் தானியக் கூடை. மறு முனையில் கற்கள் நிரப்பிய இன்னொரு கூடை. கல் இறங்க, தானியம் ஏறும்.

“கவுண்டர் வெயிட்!” என்று மெக்கானிக் போட்ட சத்தத்தில் மகள் ஓடிவந்தாள். “இது லிப்டுடி! முந்நூறு வருஷத்துக்கு முன்னாடியே லிப்டு போட்டிருக்கா மகராசி!”

அதற்கப்புறம் அவருக்குத் தூக்கம் வரவில்லை. அந்த அத்தியாயத்தை ஆறு தடவை படித்தார். கயிறு எதனால் திரித்தது, கூடை நடுவில் நின்றால் என்ன செய்தார்கள் என்று கண்டுபிடிக்க மற்ற அத்தியாயங்களையும் படித்தார். மதியச் சாப்பாட்டை மொட்டை மாடி மோட்டார் அறையில் வைத்துக்கொண்டு, ஒரு கையில் சோறும் ஒரு கையில் அரசியுமாக இருந்தார். எட்டாவது மாடிக்கும் ஒன்பதாவது மாடிக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட ஒரு பெரியவருக்குக் கதவு இடுக்கு வழியாக ஆறுதல் சொன்னார்.

“கவலைப்படாதீங்க ஐயா. அந்தக் காலத்துல மூட்டை மூட்டையா...”

“மூட்டை கிடக்கட்டும்பா, முதல்ல என்னை எடு!”

வீட்டில் மனைவியை மடக்கிப் பார்த்தார். “ஏம்மா, அந்தக் கப்பியைப் பத்தி உனக்கு ஏதாவது தெரியுமா?”

“கப்பியா? நான் இன்னும் அந்தப் பக்கமே வரலைங்களே.”

அப்படியானால் அந்த உறை தானாக விழுந்திருக்க வேண்டும். மெக்கானிக்கின் மனம் குளிர்ந்தது.

கோட்டைக்குப் போன அன்று படிக்கட்டே ஆச்சரியப்பட்டிருக்கும். வழக்கமாக இருபது படிக்கு ஒரு தடவை உட்கார்ந்து, தனக்குப் பெண் கொடுத்தவர்களைத் திட்டுகிற மனிதர், அன்று முன்னால் போய்க்கொண்டிருந்தார். “அப்பா, மெதுவாப்பா!” என்று மகள் மூச்சு வாங்கினாள். மனைவி பாதி வழியில் ஒரு கல்லில் உட்கார்ந்து, சாவகாசமாகத் தண்ணீர் குடித்துவிட்டு வந்தாள்.

அவர்கள் உச்சிக்குப் போய்ச் சேர்ந்தபோது மெக்கானிக் மலை விளிம்பில் வயிறு பாறையில் படப் படுத்திருந்தார். கடலோரத்தில் படுக்க ஆசைப்பட்ட அதே குப்புறப் படுக்கை. பாறையில் ஒரு பள்ளம், கட்டைவிரல் ஆழத்துக்கு வழவழவென்று இருந்தது. சட்டைப் பையிலிருந்து அளவு நாடாவை எடுத்து அளந்துகொண்டிருந்தார்.

“இது கயிறு தேய்ச்ச தடம்மா. ஒரு நாள்ல தேயாது, ஒரு வருஷத்துல தேயாது” என்றார். “கயிறு நைஞ்சிருக்கா, கப்பி சத்தம் போடுதான்னு தினமும் எவனோ ஒருத்தன் இங்க நின்னு பார்த்திருக்கான். ராஜாங்க பேரெல்லாம் இருக்கு. அவன் பேரு புத்தகத்துல இல்ல.”

மனைவி அவர் பக்கத்தில் உட்கார்ந்து, அந்தப் பள்ளத்தில் தானும் விரலை வைத்துப் பார்த்தாள். அந்த நிமிடம் அவளுக்குத் தன் புருஷனை ரொம்பப் பிடித்திருந்தது. அது முகத்தில் தெரிந்துவிடாமல், “எழுந்திருங்க, சட்டையெல்லாம் மண்ணு” என்று தட்டிவிட்டாள்.

நடுவர் நோட்டைப் பிரித்தாள். ஒன்பது கேள்வி முடிந்தபோது அப்பா நான்கு, அம்மா நான்கு. ஒன்று இருவருக்குமே தெரியவில்லை.

“கடைசிக் கேள்வி. அரசிக்கு வந்த இருமலுக்கு வைத்தியர் என்ன மருந்து கொடுத்தார்?”

மருந்தைப் பற்றியா கேள்வி? போச்சு, எல்லாம் போச்சு! மெக்கானிக் மனைவியைப் பார்த்தார். அவள் வானத்தைப் பார்த்தாள். தாடையைத் தடவினாள்.

“மருந்து பேரெல்லாம் எனக்கு எங்க ஞாபகம் இருக்கு?” என்றாள்.

“தேன்ல குழைச்ச மிளகு!” மெக்கானிக் குதித்தார். கப்பிக்கு அடுத்த பக்கத்தில் இருந்த விஷயம். அவருக்குத் தெரியாமல் போகுமா?

“அப்பா ஜெயிச்சாச்சு” என்று நடுவர் எழுதினாள்.

பதினான்கு வருடமாக மருந்துக்கடையில் நிற்கிறவளுக்கு இருமல் மருந்து மறந்துபோனது அவருக்கு விசித்திரமாகப் படவில்லை. ஜெயித்தவனுக்கு எது விசித்திரமாகப் படும்?

“சொல்லுங்க. கடற்கரைதானே?” என்றாள் மனைவி, தோற்ற குரலில்.

மெக்கானிக் வாயைத் திறந்தார். ‘க’ என்று ஆரம்பித்தும் விட்டார். ஆனால் கண் அந்தப் பள்ளத்தின் மேல் இருந்தது. புத்தகத்தின் அடிக்குறிப்பு ஒன்று ஞாபகத்துக்கு வந்தது. இதே அரசியின் தங்கை வேறொரு மலையில் இதைவிடப் பெரியதாக ஒன்று கட்டினாளாம். இரட்டைக் கப்பி. இன்றைக்கும் அப்படியே இருக்கிறதாம். தொள்ளாயிரம் படி. தோற்றவளை ஏறவைத்து வேடிக்கை பார்க்கலாமே என்ற குஷியும் கூடச் சேர்ந்துகொண்டது.

“கடற்கரை கிடையாது!” என்று முழங்கினார். “இரட்டைக் கப்பிக் கோட்டை!”

“ஐயோ, தொள்ளாயிரம் படியாச்சே! என் முழங்கால் என்னங்க ஆகறது?”

“மறுபேச்சு கூடாதுன்னு பேச்சு.”

“வேற ஏதாவது ஊரு...”

“முகத்தைத் தூக்கி வெச்சுக்கக் கூடாது!”

“சரிங்க” என்று பெருமூச்சு விட்டாள். “நீங்க சொன்னா ஏறித்தானே ஆகணும்.”

கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அந்த வாக்கியத்தை அவர் முதல் தடவையாகக் கேட்டார். அறுநூற்றுப் பன்னிரண்டு படியையும் சீட்டியடித்துக்கொண்டே இறங்கினார். அடிவாரத்துக்கு வந்ததும், வீட்டுத் தலைவருக்குரிய பொறுப்பு ஞாபகம் வந்தது.

“ஏம்மா, அந்த ஊர்ல ஒரே ஒரு விடுதிதானாம். கடைசி நேரத்துல போனா இடம் கிடைக்காது. வீட்டுக்குப் போனதும் முதல் வேலையா ரூம் போடணும்.”

“அவசரமே இல்லைங்க” என்றாள் மனைவி. “நீங்க சவால் விட்ட மறுநாளே போட்டுட்டேன்.”