பாடிக்கு வாங்கிய இரும்பு

வருகிற ஜனவரிக்குள் காரின் முதுகை நிமிர்த்தியே தீருவது என்று சேஷாத்ரி சங்கல்பம் செய்துகொண்டார். அந்த நேரம் பார்த்து, படுக்கையறைக் கூரையிலிருந்து ஒரு கைப்பிடி காரை உதிர்ந்து அவர் தலையணையில் விழுந்தது. அதைத் தட்டிவிட்டுச் சங்கல்பத்தைத் தொடர்ந்தார்.

கல்கத்தா லேக் கார்டன்ஸில் அவருக்குச் சொந்த வீடு உண்டு. வீட்டை ஒட்டிய தகரக் கொட்டகையில் பழைய கார் உண்டு. இரண்டும் ஏறக்குறைய ஒரே வயது. இரண்டுக்குமே நடுப்பாகம் தொய்ந்திருந்தது. துறைமுகத்தில் பொறுப்பான உத்தியோகம் பார்க்கும் மனுஷருக்குக் காரின் தொய்வு மட்டும்தான் கண்ணில் பட்டது.

சாதாரணக் கார் இல்லை. வெள்ளைக்காரன் காலத்தில் கப்பலேறி வந்தது. மேலே கூரை கிடையாது, மடக்குகிற கித்தான்தான். கூரை இல்லாத காரின் பாரமெல்லாம் அடியில் நீளவாட்டில் ஓடும் இரண்டு இரும்புச் சட்டங்களின் மேல்தான் விழும். வயதாக ஆக நடு இறங்கும். கதவு நிற்காது. போன வருஷம், ஜனவரிதோறும் நடக்கிற பழைய கார்களின் ஊர்வலத்தில், டிராம் தண்டவாளத்தைத் தாண்டும்போது மனைவி சுந்தரவல்லி பக்கத்துக் கதவு தானாகத் திறந்துகொண்டது. ஒரு கையால் கதவையும் மறு கையால் தாலியையும் பிடித்துக்கொண்டு அவள் மிச்ச ஊர்வலத்தை முடித்தாள். ஜனங்கள் கையசைத்தார்கள். பதிலுக்கு அசைக்க அவளிடம் கை மிச்சமில்லை.

இதற்கு மருந்து, இரண்டு சட்டங்களுக்கும் நடுவே பெருக்கல் குறி போலக் குறுக்கு இரும்பு வைத்து வெல்டிங் அடிப்பது. லேக் மார்க்கெட்டில் காப்பிப்பொடி அரைக்கும் ஆள்வரை எல்லோருக்கும் சேஷாத்ரி இதை விளக்கியாயிற்று. வெளியில் இவ்வளவு சட்டம் பேசுகிறவருக்கு வீட்டுக்குள் ஒரு சட்டமும் செல்லாது என்பது வேறு விஷயம்.

சுந்தரவல்லிக்குக் கூரைக் கவலை. உள்ளே கம்பி துருவேறிப் பருத்து, சிமெண்டைப் பிளந்துகொண்டு எட்டிப் பார்த்தது. மழை வந்தால் நடுவில் ஊறிக் கனத்தது. பின் தெருவில் போன மழைக்காலத்தில் ஒரு வீட்டு சன்ஷேட் இடிந்து, கீழே பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர் அந்த இடத்திலேயே செத்துப்போனார். சேஷாத்ரியும் துக்கம் விசாரிக்கப் போனார். வாசலில் கிடந்த இடிபாட்டு இரும்பு காருக்கு ஆகுமா என்று யோசித்துக்கொண்டே திரும்பினார்.

அன்றிலிருந்து சுந்தரவல்லி கூடத்தில் பாயைப் போட்டுக்கொண்டாள். அவரையும் வரச்சொல்லிக் கெஞ்சினாள். அவரோ கூரை பலமாயிருக்கிறது என்று நிரூபிக்க, வெடிப்புக்கு நேர் கீழே கட்டிலை இழுத்துப் போட்டுச் சட்டமாகப் படுத்தார்.

"வாங்கற இரும்பை மொதல்ல இந்தக் கூரைக்கு முட்டுக் குடுங்கோன்னா."

"கார் முடியட்டும்."

"கூரை இல்லேன்னா நடு தொய்யும்னு ஊருக்கெல்லாம் பாடம் எடுக்கறேள். இங்கே கூரையே தொய்யறதே, அதுக்கு என்ன பதில்?"

"ஒண்ணும் ஆகாது. நான் கீழே படுத்துக்கலையா?"

"அதான் பயமாயிருக்கு. எனக்கு இன்னும் தலையில பூ வெச்சுக்க ஆசையிருக்கு."

இதைச் சொல்லும்போது அவள் சிரிக்கவில்லை. ஆனாலும் மறுநாள் வந்து இறங்கிய இரும்பு நேரே கொட்டகைக்குத்தான் போயிற்று.

வேலைக்கு வந்தவன் நிதாய் மிஸ்திரி. வீட்டுக்கு முட்டுக் கொடுப்பான், லாரிக்கு வெல்டிங் அடிப்பான், பூஜை சீசனில் பந்தலும் போடுவான். சேஷாத்ரி அன்றைக்கு ஆபீஸ் வேலையாக ஹால்டியா கிளம்பிக்கொண்டிருந்தார், திரும்பச் சில நாள் ஆகும். குறுக்கு இரும்புக்கு வரைந்த படத்தை அவன் கையில் கொடுத்து, வாசலில் நின்றபடி தன் வங்காளத்தில் உத்தரவு போட்டார். அந்த வங்காளம் கல்கத்தா வந்த நாள்முதல் வெந்துகொண்டிருக்கிறது, இன்னும் பதம் வரவில்லை. அடிச்சட்டத்தைச் சேஸிஸ் என்றால் மிஸ்திரிக்குப் புரியாது என்று அவராகவே முடிவுசெய்து, எளிமையாக பாடி என்றார்.

"பாடி கூப் துர்பல். லோஹா தியே ஷொக்தோ கொரோ." பாடி ரொம்ப பலவீனம், இரும்பு வைத்துக் கெட்டிப்படுத்து என்று அர்த்தம்.

நிதாய் கொட்டகையைப் பார்த்தான். வீட்டைப் பார்த்தான். "பாடி, நா காடி?" என்று கேட்டான்.

வங்காளத்தில் பாடி என்றால் வீடு. காடி என்றால் வண்டி, நா என்றால் அல்லது. இது சேஷாத்ரிக்கும் தெரியும். ஆனால் கார்ப் பேச்சு வந்துவிட்டால் அவருக்கு வீடு ஞாபகத்துக்கே வராது. பாடி மட்டுமா, முழு வண்டியையுமா என்று கேட்கிறான் என நினைத்தார். இவன் எஞ்சினிலும் கை வைத்துவிட்டால் என்ன ஆவது என்று பதறிப்போனார்.

"ஷுது பாடி," என்றார் கண்டிப்பாக. பாடி மட்டும்.

சமையலறை வாசலில் நின்ற சுந்தரவல்லி அவரிடம் ஒன்றும் சொல்லவில்லை. நிதாயிடம்தான் மளமளவென்று என்னவோ சொன்னாள். காய்கறிக்காரிகளோடு பேரம் பேசிக் கற்ற வங்காளம், துரந்தோ எக்ஸ்பிரஸ் வேகத்தில் போகும். அதில் சேஷாத்ரிக்குப் பிடிபட்டது அண்ணா என்று பொருள்படும் 'தாதா' என்ற ஒரு சொல்தான். தன்னைப் பற்றிப் பெருமையாகச் சொல்கிறாள் என்ற நிறைவோடு டாக்ஸி ஏறினார்.

திரும்பி வந்தவர் படுக்கையறை வாசலிலேயே நின்றுவிட்டார். கூரைக்கு அடியில் அவருடைய இரும்பு, படத்தில் வரைந்தபடியே, பெருக்கல் குறியாக. அதன் இரண்டு முனை சுவருக்குள் புதைந்திருந்தன, மற்ற இரண்டுக்கும் அடியில் சாம்பல் பெயின்ட் அடித்த தடித்த தூண்கள். நடுவில் அவர் கட்டில்.

நிதாயைக் கூப்பிட்டு வைது தீர்த்தார். தாதாதானே ஷுது பாடி என்றார், பௌதியே, அதாவது அண்ணியே, சாட்சி என்று அவன் நிதானமாகச் சொன்னான். பௌதியும் சாட்சி சொன்னாள்.

"அவன் வெளக்கமாத்தான் கேட்டான். நீங்க கண்டிப்பாச் சொன்னேள். உங்க வார்த்தையைத் தட்டக்கூடாதுன்னு நானும் இருந்துட்டேன்."

கல்யாணமான நாளிலிருந்து அவள் தட்டாத ஒரே வார்த்தை அது. சேஷாத்ரி பேச்சை நிறுத்தினார். கொட்டகைப் பக்கமே போகவில்லை. தார்ப்பாய் மூடிக் கிடந்த காரை நினைத்தாலே அவருக்கு அழுகை வந்தது.

அந்த ஆவணியில் மழை விடாமல் பிடித்துக்கொண்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சாப்பிட்டுவிட்டுக் கோபத்தோடு படுத்திருந்தார். பெரிய சத்தம் கேட்டது. வீடு முழுக்கத் தூசி. கண்ணைத் திறந்து பார்த்தால், கூரையின் நடுப்பாகம் மொத்தமாக உடைந்து குறுக்கு இரும்பின் மேல் உட்கார்ந்திருந்தது. சந்தில் தண்ணீர் கொட்டியது. சேஷாத்ரி தவழ்ந்து கூடத்துக்கு வந்தார்.

சுந்தரவல்லி அவர் கையையும் காலையும் தலையையும் தடவித் தடவிப் பார்த்தாள். எல்லாம் இருக்கிறது என்று தெரிந்ததும் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள். பிறகு குலுங்கிக் குலுங்கி அழுதாள். தான் செத்திருக்க வேண்டியவன் என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. அவரும் அழுதார்.

"நீ பண்ணினதுதான் சரி, சுந்தா," என்றார். "வண்டி எங்கே ஓடிடப் போறது? வேற இரும்பு வாங்கி அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்."

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். தூசி அடங்கியதும் அவர் வாசலில் நின்று மெல்ல உள்ளே எட்டிப் பார்த்தார். என்ன இருந்தாலும் இரும்பு தெரிந்தவர்.

"நான் வாங்கினது கூட லேசா வளைஞ்சுடுத்து. இந்தத் தூணைப் பாரு, இம்மி அசையலை. இந்த மாதிரி இரும்பு இப்பல்லாம் வர்றதே இல்லை. நிதாய் எங்கேடீ வாங்கினான்?"

சுந்தரவல்லி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"வாங்கலைன்னா. உங்க வண்டிக்கு அடியிலதான் இருந்தது."