கிழக்கே ஒரு முழம்

எங்கள் ரைஸ் மில்லில் காற்றைக் கேட்காமல் ஒரு வாய் டீ கூடக் குடிக்காத ஆள் ஒருவர் இருந்தார். டெல்டா முழுக்கத் தேடினாலும் இப்படி இன்னொருவர் கிடைக்க மாட்டார். நாங்கள் அவரை வானிலை என்றுதான் கூப்பிடுவோம். சம்பளச் சீட்டில் வேறு பெயர் இருந்தது. அது அவருக்கே மறந்திருக்கும்.

மில் இருப்பது கும்பகோணத்துக்கும் மயிலாடுதுறைக்கும் நடுவில். அவருக்குக் களத்தில் வேலை. அவித்த நெல்லைக் கொட்டிக் காயப்போட வேண்டும். கிளறிவிட வேண்டும். மழை வந்தால் தார்ப்பாய் போட்டு மூட வேண்டும். எனக்கும் அதே வேலைதான். மூட்டையும் தூக்குவேன்.

வானிலையின் சட்டைப் பையில் எப்போதும் ஒரு பிடி உமி இருக்கும். இரண்டு விரலால் கொஞ்சம் எடுப்பார். மூக்குக்கு நேரே பிடித்து விடுவார். அது எந்தப் பக்கம் போகிறது என்று பார்ப்பார். அப்புறம்தான் மற்றதெல்லாம். டீக்கடையில் எந்தப் பக்கம் நிற்பது, பஸ்ஸில் எந்த சன்னலில் உட்காருவது, முதலாளியிடம் இப்போது லீவு கேட்கலாமா கூடாதா, எல்லாவற்றையும் உமிதான் சொல்லும்.

ஒரு தடவை கும்பகோணத்தில் ஓட்டலுக்குப் போனோம். உட்கார்ந்ததும் உமியை விட்டார். மேலே ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. உமி பக்கத்து மேசைக்காரரின் காபியில் போய் விழுந்தது.

“என்னய்யா போட்ட?” என்று அந்த ஆள் எழுந்துவிட்டார்.

“உமிங்க. ஒண்ணும் பண்ணாது,” என்றார் வானிலை. “காத்து ஒங்க பக்கம் அடிக்குது. நீங்க அந்த நாற்காலியில உக்காந்திருக்கணும்.”

நான்தான் அந்த ஆளுக்கு வேறு காபி சொன்னேன்.

முதலாளிக்குச் சர்க்கரை வந்தது. ஓடியாடச் சொன்னார் டாக்டர். அவர் எங்களை ஓடியாட விட்டார். அப்படித்தான் மில்லுக்கு ஷட்டில் போட்டி வந்தது. வருஷா வருஷம் ஆயுத பூஜைக்கு முந்தின நாள், ஆபீசுக்கும் களத்துக்கும். பக்கத்துக்கு இரண்டு பேர். ஜெயித்த பக்கம் பூஜையன்று முதல் பந்தியில் உட்காரும். தோற்ற பக்கம் பரிமாறும்.

ஆறு வருஷம் நடந்தது. ஆறு வருஷமும் நாங்கள் பரிமாறினோம். ரசவாளி வானிலை கையில். அக்கவுண்டன்ட் இலையிலிருந்து நிமிர்ந்து பார்த்து ஒவ்வொரு வருஷமும் அதையே சொல்வார்.

“அண்ணே, அடியிலேர்ந்து கலக்கி ஊத்துங்க.”

வானிலை கலக்கி ஊற்றுவார்.

ஏழாவது வருஷம் பூஜைக்குப் பதினைந்து நாள் இருக்கும்போது என்னிடம் வந்தார்.

“இந்தத் தடவ நீயும் நானும் ஆடுறோம்.”

“ஒங்களுக்கு அம்பத்தாறு வயசுண்ணே.”

“தை பொறந்தா திருப்பூர் போறேன்டா. பொண்ணு கூப்புடுது. போறதுக்குள்ள ஒரு தடவ மொத பந்தியில உக்காரணும். அந்தாளு எனக்கு ரசம் ஊத்தணும். அவ்வளவுதான்.”

இத்தனை வருஷத்தில் அவர் ஆசைப்பட்டு ஒன்று கேட்டது அதுதான். நான் சரி என்றேன்.

சாயங்காலம் நெல்லைக் குவித்த பிறகு களத்தில் ஒரு மூலை காலியாகும். அங்கே இரண்டு மூங்கிலை நட்டோம். வெங்காய மூட்டை வலையைக் கிழித்துத் தைத்து நடுவில் கட்டினோம். உமிச் சாம்பலால் கோடு போட்டோம். அரை மணி நேரத்தில் காற்று கோட்டைத் தள்ளிக்கொண்டு போய்விடும். மறுபடி போடுவோம். ஒரு நாள் ஆட்டம் முடிந்து பார்த்தால் மைதானம் பம்ப்செட் வரைக்கும் நகர்ந்திருந்தது.

நாலு மணிக்குப் பூம்புகார் பக்கமிருந்து கடல்காற்று வரும். தினமும் வரும். வானிலை உமியை விட்டுப் பார்த்துவிட்டுப் பாடம் எடுப்பார்.

“காத்து கெழக்கேர்ந்து வருது. நீ கெழக்க ஒரு மொழம் தள்ளி அடி. வெளிய அடி. பயப்படாத. அதுவே கொண்டாந்து உள்ள போடும்.”

“எடம் மாறினா?”

“நீதான்டா மாறுற. கெழக்கு மாறுதா?”

அத்தனை நாளும் கிழக்கே ஒரு முழம் தள்ளி அடித்தேன். ஷட்டில் காக் போய், வளைந்து, கோட்டுக்கு உள்ளே விழுந்தது. நெல் கிளறும் செல்வியக்கா கையைக் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டிருக்கும்.

“என்னண்ணே, பந்து அடிக்கிறீங்களா, கொசு அடிக்கிறீங்களா?”

“கொசுதான். ஆபீஸ்லயும் ரெண்டு இருக்கு,” என்றார் வானிலை. அவர் ஜோக் அடித்து நான் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

போட்டியன்று முதலாளி செல்போனைப் பார்த்துக்கொண்டே வந்தார்.

“சாயந்தரம் மழைன்னு போட்ருக்கான். புது கோடவுன்ல வச்சுக்கலாம். உள்ள காலியாத்தான் கெடக்கு.”

வானிலை உமியை விட்டார். “மழ வராதுங்க.”

“போன்ல வருதுய்யா.”

மழை வரவில்லை. ஆனால் கோடவுனுக்குப் போய்விட்டோம். தகரக் கூரை. பெரிய விளக்கு. கிழக்கே ஒரு ஷட்டர், மேற்கே ஒன்று. இரண்டையும் இழுத்து மூடச் சொன்னார் முதலாளி. அவர்தான் நடுவர். பெரிய ஊரில் எல்லாம் இப்படித்தான் மூடிவைத்து ஆடுவார்களாம்.

எதிரே அக்கவுண்டன்ட்டும் கம்ப்யூட்டர் தம்பியும். ஷூ, அரைக்கால் சட்டை, நெற்றியில் வேர்வைக்குத் துணிப்பட்டை. எங்களுக்கு மடித்துக் கட்டிய கைலி.

ஆட்டம் தொடங்கியது. வானிலை அடித்தார். காக் கிழக்கே ஒரு முழம் வெளியே விழுந்தது. நான் அடித்தேன். அதுவும் கிழக்கே ஒரு முழம். அளந்து வைத்த மாதிரி எல்லாம் ஒரே இடத்தில் விழுந்தன. கொண்டுவந்து உள்ளே போடக் காற்று இல்லை. எதிரில் நின்ற இருவரும் சர்வீஸ் போடுவதற்குத் தவிர பேட்டைத் தூக்கவே இல்லை. கம்ப்யூட்டர் தம்பி நடுவில் போனில் யாருக்கோ பதில் அனுப்பினான்.

“நேரா அடிங்கண்ணே,” என்றேன்.

“நேராத்தான்டா அடிக்கிறேன். கை கெழக்க போவுது.”

இருபத்தொன்றுக்கு இரண்டு. அந்த இரண்டும் அவர்கள் சர்வீஸை வலையில் அடித்ததால் வந்தது. செல்வியக்கா வாசல் பக்கம் திரும்பி நின்றுகொண்டது. வானிலை தரையில் உட்கார்ந்தார். சட்டைப் பையில் கையை விட்டு வெளியே எடுத்தார். உமியை விடவில்லை. மறுபடி பையிலேயே போட்டுக்கொண்டார்.

அப்போது கரண்ட் போனது.

கும்மிருட்டு. தகரக் கூரை, உள்ளே இருப்பவர்களை அவிக்கத் தொடங்கியது. யாரோ கத்தினார்கள். இரண்டு ஷட்டரையும் தூக்கினார்கள். மணி நாலேகால். வெளிச்சம் வந்தது. கூடவே காற்றும் வந்தது.

வானிலை எழுந்தார். உமியை எடுத்து விட்டார். அது மேற்கே பறந்தது.

“வந்துட்டுதுடா,” என்றார்.

இரண்டாவது ஆட்டத்தில் ஆபீஸ்காரர்கள் அடித்ததெல்லாம் மேற்கே வெளியே போனது. எங்களுடையது வெளியே போய், யோசித்து, உள்ளே வந்து விழுந்தது. இருபத்தொன்றுக்கு ஒன்பது. களத்து ஆட்கள் தகரத்தைத் தட்டினார்கள்.

மூன்றாவது ஆட்டம் தொடங்கும்போது கரண்ட் வந்துவிட்டது.

“ஷட்டர மூடுங்கய்யா,” என்றார் முதலாளி.

நான் வானிலையைப் பார்த்தேன். அவர் ஷட்டரைப் பார்த்தார். தடுத்தது அக்கவுண்டன்ட்தான். அவர் சட்டையைப் பிழிந்தால் ஒரு குடம் வேர்வை வரும்.

“வேணாம் சார். தொறந்தே கெடக்கட்டும். உள்ள வேவுது.”

நாங்களும் மறுத்துப் பேசவில்லை.

ஆனால் அக்கவுண்டன்ட் கெட்டிக்காரர். ஒரு ஆட்டத்தில் காற்றைப் படித்துவிட்டார். அவரும் கிழக்கே தள்ளி அடிக்கத் தொடங்கினார். எது உள்ளே வரும், எது மேற்கே போய்விடும் என்று பார்த்து, போவதை விட்டுவிட்டார். பத்துக்குப் பத்து. பதினைந்துக்குப் பதினைந்து. பத்தொன்பதுக்குப் பத்தொன்பது. அப்புறம் கம்ப்யூட்டர் தம்பி ஒன்றை வலையில் அடித்தான். எங்களுக்கு இருபது.

சர்வீஸ் வானிலை கையில். வாங்க வேண்டியவர் அக்கவுண்டன்ட்.

வானிலை உமியை விட்டார். அது நேராகக் கீழே விழுந்தது.

காற்று நின்றுவிட்டது.

அவர் கைலியை அவிழ்த்துக் கட்டினார். தண்ணீர் கேட்டுக் குடித்தார். மறுபடி உமியை விட்டார். கால் கட்டைவிரலில் விழுந்தது.

“அடிங்கண்ணே. பூஜையே வந்துடும் போலருக்கு,” என்றார் அக்கவுண்டன்ட்.

வானிலை என் பக்கம் திரும்பினார்.

“காத்து இல்லடா. நேராவே அடிச்சுடுறேன்.”

அடித்தார். முதல் தடவையாக நேராகப் போனது. மேற்குக் கோட்டை ஒட்டியே. அக்கவுண்டன்ட் அதைப் பார்த்தார். காற்று இழுத்துக்கொண்டு போய் வெளியே போட்டுவிடும் என்று பேட்டைக் கீழே இறக்கினார்.

“அவுட்!” என்றார்.

காக் எங்கேயும் போகவில்லை. கோட்டின் மேலேயே விழுந்து கிடந்தது. முதலாளி குனிந்து பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு இன்னொரு தடவை பார்த்தார்.

“களம்,” என்றார்.

செல்வியக்கா விசில் அடித்தது. அதற்கு விசில் வரும் என்று அன்றைக்குத்தான் எங்களுக்குத் தெரியும்.

மறுநாள் பூஜை. மெஷினுக்கெல்லாம் சந்தனம், குங்குமம், பொரி. வானிலை வெள்ளை வேட்டியில் வந்தார். எந்த வரிசையில் உட்காருவது என்று உமியைக் கேட்டார். முதல் பந்தியில் என் பக்கத்தில் உட்கார்ந்து இலையில் தண்ணீர் தெளித்தார். கைகள் இரண்டையும் மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

அக்கவுண்டன்ட் சாம்பார் வாளியோடு வந்தார். வாளியை ஒரு கையால் பிடித்திருந்தார். முதல் இலையில் ஊற்றியது மூன்றாவது இலையில் போய் நின்றது. கம்ப்யூட்டர் தம்பி சோற்றுக்கு முன்னால் பாயசத்தை ஊற்றிக்கொண்டு வந்தான். அப்பளம் வரவே இல்லை. எங்களோடு உட்கார்ந்திருந்த லாரி டிரைவர்கள் சத்தம் போட்டார்கள்.

வானிலை பார்த்துக்கொண்டே இருந்தார். அவர் இலையில் சோறு விழுந்தது. தொடவில்லை.

“உக்காருங்கண்ணே. இதுக்குத்தானே இவ்வளவு,” என்றேன்.

“பந்திய கெடுத்துடுவானுங்கடா.”

எழுந்துவிட்டார். வேட்டியை மடித்துக் கட்டினார். “சார், வாளிய இப்புடி இடுப்புல அணைச்சுக்குங்க. கரண்டிய கவுக்காதீங்க. நீங்க மொதல்ல மோர எடுத்துட்டு வாங்க,” என்று சொல்லியபடியே ரசவாளியை வாங்கிக்கொண்டார்.

முதல் பந்தி முடிந்தது. இரண்டாவது பந்தி உட்கார்ந்தது. நான் எழவில்லை. அக்கவுண்டன்ட் களைத்துப்போய் என் பக்கத்து இலையில் உட்காரக் குனிந்தார். நான் இலை மேல் கையை வைத்தேன்.

“ஆளு இருக்கு சார்.”

மூன்றாவது பந்தியும் முடிந்த பிறகு வானிலை வந்தார். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தார். சோறு ஆறிப்போயிருந்தது. என் இலையிலும் அப்படியே இருந்தது. பார்த்தார்.

நான் எழுந்து போய் ரசவாளியை எடுத்துவந்தேன். அவர் சொல்வதற்கு முன்னாலேயே அடியிலிருந்து கலக்கி ஊற்றினேன்.