கட்டில் உள்ளே, ஆள் வெளியே

பேரன்புள்ள அத்தான் அவர்களுக்கு,

வணக்கம். தங்களுக்கும் அக்காவுக்கும் உடம்பு சுகம்தானே. இங்கே நாங்கள் நலம் என்று எழுதினால் என் இடது முழங்கால் சண்டைக்கு வரும். அதை நீக்கிவிட்டுப் பார்த்தால் நலமே. அக்காவின் பாகமான மாடி அறையை அவ்வப்போது திறந்து பெருக்கி, ஜன்னலைத் திறந்து காற்றாட விட்டு, மறுபடி பூட்டிச் சாவியைச் சமையலறை ஆணியில் மாட்டிவிடுகிறோம். தங்கள் மகன் என்றைக்காவது திரும்பி வந்தால் தங்குவதற்கு அது காலியாக இருக்க வேண்டும் என்று தாங்கள் சொன்னதை நான் மறக்கவில்லை.

சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வருகிறேன். தங்கள் மகன் வரும்வரை அந்த அறையை ஒருவர் தங்குவதற்குக் கொடுக்கத் தாங்கள் சம்மதிக்க வேண்டும். மழை தொடங்கிவிட்டது, அவர் வெளியில் படுத்திருக்கிறார். அவரை வெளியில் படுக்க வைத்தது, வீடில்லாதவர்களுக்கு இடம் தேடித் தருவதற்காக ஏற்பட்ட எங்கள் ஒருங்கிணைப்புக் குழு. அதன் செயலாளர் அடியேன். அது எப்படி என்று கேட்பீர்கள். மின்சார அலுவலகத்தில் புகார் மேசையில் உட்கார்ந்து ஆயுசு முழுக்க ஊரார் திட்டைக் கேட்டவன் நான். இப்போதுதான் என் பங்குக்கு ஒரு புகார் எழுதுகிறேன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஆளைத் தங்களுக்குத் தெரியும். பழைய சினிமாக் கொட்டகையில் இருட்டில் டார்ச் அடித்து இடம் காட்டுவாரே, அவரேதான். ஊரில் எல்லோரும் அவரை டார்ச் என்றே கூப்பிடுகிறார்கள். தாங்களும் அக்காவும் கல்யாணமான புதிதில் படம் தொடங்கியபின் போய், அவர் வெளிச்சத்தைப் பின்பற்றாமல் தாங்களாகவே நடந்து, யாரோ ஒரு பெரியவர் மடியில் உட்காரப் போன கதையை அக்கா இன்னும் சொல்லிச் சிரிப்பாள். டார்ச்சுக்கு ஒரே ஒரு கெட்ட பழக்கம். இடத்தைக் காட்டிவிட்டு, குனிந்து, காதோடு காதாகப் படத்தின் முடிவையும் சொல்லிவிடுவார். அதற்காக அவர் வாங்கிய வசவுகள் கொஞ்சநஞ்சமல்ல. கொட்டகைக்குப் பின்னால் ஓர் அறையில் குடியிருந்தார். கொட்டகையை இடித்தார்கள், அதோடு அறையும் போனது. சொந்தம் என்று யாரும் இல்லை. நம் தெருமுனைத் தையல்காரர், துணி வெட்டும் மேசைக்கு அடியில் பாய் விரித்துக்கொள்ளச் சொன்னார். பகலில் பொத்தான் தைப்பது, இரவில் கடைக்குக் காவல் என்று காலம் ஓடியது. எதிர் டீக்கடை அம்மா காலையில் டீ கொடுத்தார், மருந்துக்கடைக்காரர் இருமலுக்கு ஏதோ கொடுத்தார். யாரும் யாரையும் கேட்டுக்கொண்டு செய்யவில்லை. பின்னால் அதுதான் பெரிய குற்றமாகப் போயிற்று.

போன கோடையில் நம் வட்டாரத்துச் சங்கங்களுக்கெல்லாம் ஒரே சமயத்தில் இரக்கம் சுரந்தது. குடியிருப்போர் சங்கம், வியாபாரிகள் சங்கம், நடைப்பயிற்சிக் கழகம், மகளிர் போர்வைச் சங்கம் என்று ஆளாளுக்கு வீடில்லாதவரைத் தேடிக் கிளம்பி, தேடிய எல்லோரும் டார்ச்சிடமே போய் நின்றார்கள். வட்டாரத்தில் வேறு ஆள் கிடைக்கவில்லை. கொளுத்துகிற வெயிலில் அந்த மனிதருக்குப் போர்வைக்கு மேல் போர்வையாக வந்து குவிந்தது. அவர் அதையெல்லாம் மடித்துத் தலைக்கு வைத்துப் படுத்து, கழுத்து பிடித்துக்கொண்டு, தலையை ஒரு பக்கமாகச் சாய்த்தபடி நடந்தார். இப்படித் தனித்தனியாகச் செய்தால் உதவி வீணாகிறது, ஒருங்கிணைக்க வேண்டும் என்று பேச்சு எழுந்தது. பேச்சில் தப்பில்லை, நானும் கைதட்டினேன். கட்டில் கடை வைத்திருப்பவரைத் தலைவராக்கினோம். என் கையெழுத்து முத்து முத்தாக இருக்கிறது என்று சொல்லி என்னைச் செயலாளராக்கினார்கள். புகழ்ந்தால் நான் எதற்கும் தலையாட்டுவேன் என்பது தாங்கள் அறிந்ததே.

முதல் கூட்டத்துக்கு டார்ச்சையும் அழைத்து முன்வரிசையில் உட்கார வைத்தோம். தலைவர் நீளமாகப் பேசி முடித்தபின், பயனாளியும் இரண்டு வார்த்தை சொல்லட்டும் என்றார்கள். டார்ச் எழுந்து, பழக்க தோஷத்தில் லேசாகக் குனிந்து, "இதோட முடிவ இப்பவே சொல்லிரட்டுமா?" என்று கேட்டார். தலைவர் சிரித்துக்கொண்டே சொல்லச் சொன்னார். "கட்டில் உள்ள இருக்கும். ஆள் வெளிய இருப்பான்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார். போர்வைச் சங்கத் தலைவிக்கு முகம் சுருங்கிப் போயிற்று. நல்லது நடக்கும்போது இந்த மாதிரி ஆட்களுக்கு வாய் சும்மா இருக்காது என்று பின்வரிசையில் யாரோ முணுமுணுத்தார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

ஒரு விஷயத்துக்குக் குழுவைப் பாராட்டித்தான் ஆக வேண்டும். அலைந்து திரிந்து, கெஞ்சிக் கூத்தாடி, வாசகசாலைக்குப் பின்னால் பழைய பேப்பர் அடைத்துக் கிடந்த அறையை எங்களுக்கு மேலே உள்ள நகரத் தலைமைக் குழுவிடமிருந்து வாங்கிவிட்டோம். ஜன்னல் உண்டு, குழாய் உண்டு, கதவுக்கு நல்ல தாழ்ப்பாள் உண்டு. நானே துடைப்பம் பிடித்துப் பெருக்கினேன். தலைவர் தம் கடையிலிருந்து ஒரு கட்டில் அனுப்பினார். ஒரு கால் சற்றுக் குட்டை என்றாலும் கட்டில் கட்டில்தானே. டார்ச் வந்து பார்த்து, ஜன்னலைத் திறந்து மூடி, "காத்து வருது" என்றார். அவர் எதையும் நன்றாக இருக்கிறது என்று சொல்லி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

அப்போதுதான் தலைமைக் குழுவின் விதி வந்து சேர்ந்தது. அறை உண்மையிலேயே வீடில்லாதவருக்குத்தான் போய்ச் சேர வேண்டும். ஒரு மாதமாவது தொடர்ந்து வெட்டவெளியில் படுத்தவரே வீடில்லாதவர். மேசைக்கு அடியில் படுப்பவர் கணக்கில் வரமாட்டார், ஏனென்றால் மேசைக்கு மேலே கூரை இருக்கிறது. குழு இரண்டு மாலை முழுக்க உட்கார்ந்து இதை விவாதித்தது. விதியை மாற்றச் சொல்லி எழுதலாம் என்றேன். எழுதினால் பதில் வர அடுத்த கோடையாகிவிடும், ஆளை மாற்றுவது சுலபம் என்றார் தலைவர். ஆக, ஒரு மாதத்துக்கு மட்டும் டார்ச்சை வெளியில் படுக்க வைப்பது என்று ஒருமனதாகத் தீர்மானமாயிற்று. அந்த ஒரு மனதில் என் மனதும் சேர்த்தி.

தையல்காரரிடம் போய்ச் சொல்லும் பொறுப்பு செயலாளருக்கு வந்தது. அவர் கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"உள்ள படுத்திருக்கிறவர வெளிய அனுப்பிட்டு, அப்புறம் உள்ள கூட்டிட்டுப் போகப் போறீங்க."

"ஆமாங்க. முறைப்படி."

"அதுக்கு அவரு இங்கயே இருந்துட்டுப் போகட்டுமே சார். எனக்கென்ன இடைஞ்சல்?"

"சொந்தமா ஒரு ரூம் கிடைக்குதுல்ல. நீங்க குறுக்க நிக்கலாமா?"

அவர் எழுந்து மேசையை ஒரு பக்கமாக நகர்த்தினார். வேறென்ன செய்வார், அத்தான்? ஒருவருடைய நன்மைக்குக் குறுக்கே நிற்கிறாய் என்று சொன்னால் நல்லவன் உடனே வழிவிட்டு விடுகிறான். டார்ச் பாயைச் சுருட்டி அக்குளில் வைத்துக்கொண்டு என்னோடு வந்தார். பேருந்து நிழற்குடையில் அவரை விட்டுவிட்டு வந்தேன். அதற்கும் கூரை உண்டே என்றால், சுவரில்லாத கூரை கணக்கில் வராது என்று தலைவர் விசாரித்து வைத்திருந்தார். அங்கே பெஞ்சில் படுக்க முடியாது. கண்டவர்கள் படுத்துவிடுகிறார்கள் என்று நம் நடைப்பயிற்சிக் கழகம்தான் போன வருடம் பெஞ்சுக்கு நடுநடுவே கம்பி வைத்துக் கொடுத்தது. ஆகவே தரையில் விரித்தார்.

ஆண்டிகள் கூடி மடம் கட்டிய கதையைக் கேட்டிருப்பீர்கள். நாங்கள் வீடுள்ளவர்கள் கூடி ஓர் ஆண்டியை உண்டாக்கினோம். அதோடும் விட்டோமா? உதவி இரட்டிப்பாகக் கூடாது, எல்லாம் குழு வழியாகவே போக வேண்டும் என்று கடை கடையாகச் சொல்லிவைத்தோம். டீக்கடை அம்மா டீ கொடுப்பதை நிறுத்திவிட்டார். "குழு பாத்துக்குதுன்னு சொன்னாங்களே" என்றார். மருந்துக்கடைக்காரரும் அதையேதான் சொன்னார். குழுவில் டீக்குத் தனிப் பொறுப்பாளர் போட்டிருந்தோம். அவர் தம் மகள் பிரசவத்துக்கு வெளியூர் போய்விட்டார். மாதம் முடிவதற்குள் மழை பிடித்துக்கொண்டது. டார்ச்சின் இருமல் எங்கள் வீடுவரை கேட்கிறது என்று என் மனைவி சொன்னாள். நிழற்குடைக்கும் நம் வீட்டுக்கும் நடுவே எவ்வளவு தூரம் என்று தங்களுக்குத் தெரியும். அவளுக்குக் காது கேட்கிற விதம் அப்படி.

ஒருவழியாக மாதம் முடிந்தது. அறையை ஒப்படைக்கக் கூட்டம் கூடியது. கூட்டம் எங்கே நடந்தது என்கிறீர்கள்? அந்த அறையிலேயேதான். மழைக்கு வேறு இடமில்லை என்று ஒரு நாள் அங்கே கூடியிருந்தோம், காற்று வருகிறது என்று மறுபடியும் கூடினோம், பிறகு ஒரு பீரோ வந்தது, வாசலில் பெயர்ப்பலகை வந்தது. உதவி இரட்டிப்பாகிறது என்று டார்ச்சிடமிருந்து திருப்பி வாங்கிய போர்வைகளையெல்லாம் கட்டிலின் மேல் கூரை முட்ட அடுக்கியிருந்தார்கள். இத்தனை சாமானுக்கு நடுவே ஒரு மனிதர் எப்படிப் படுப்பார் என்று போர்வைச் சங்கத் தலைவி கவலைப்பட்டார். கவலை நியாயமானதுதான். அதற்குத் தலைவர் ஒரு யோசனை சொன்னார். போர்வைகளுக்கு இரவுக் காவல் வேண்டும், டார்ச்சையே காவலாளியாக வாசல் வராந்தாவில் போட்டுவிடலாம். ஒரு வேலையும் ஆயிற்று. தவிர, இரவில் வேலைக்காக வெளியில் இருப்பவரை வீடில்லாதவர் என்று சொல்ல முடியாது. ஆக நம் வட்டாரத்தில் வீடில்லாதவர் என்று இனி ஒருவரும் கிடையாது. எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள், அத்தான். வராந்தாவில் சாரலில் நனைந்துகொண்டு டார்ச்சும் கதவுக்கு வெளியிலிருந்து கைதட்டினார். அந்தச் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது.

நான் ராஜினாமா கொடுத்தேன். அதைப் பரிசீலிக்க ஓர் உட்குழு போட்டிருக்கிறார்கள்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தேன். அவள் பாத்திரம் துலக்குவதை நிறுத்தாமலே கேட்டுவிட்டு, "உள்ளதும் போச்சுடா நொள்ளைக் கண்ணான்னு ஆக்கிட்டீங்க" என்றாள். பிறகு, "மாடி சும்மாதான பூட்டிக் கிடக்கு" என்றாள். அது அக்கா பாகம், அத்தானைக் கேட்காமல் எப்படி என்றேன். கேளுங்கள் என்றாள். அதனால்தான் இந்தக் கடிதம். அவர் சுத்தமானவர். பாயும் பழைய டார்ச் விளக்கும் தவிர வேறு சாமான் இல்லை. சினிமா முடிவைச் சொல்லாமல் இருக்கும்படி நான் பார்த்துக்கொள்கிறேன். தாங்கள் அக்காவோடு கலந்து, தேவைப்பட்டால் தங்கள் மகனிடமும் ஒரு வார்த்தை கேட்டு, நிதானமாக யோசித்து, சாதகமாக ஒரு பதில் எழுதும்படி பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

தாங்களும் அக்காவும் நீண்ட ஆயுளோடும் நிறைந்த சுகத்தோடும், முழங்கால் வலி என்பது இன்னதென்றே தெரியாமலும் வாழ வேண்டும். தங்கள் மகனுக்கு மாமாவின் ஆசிகளைச் சொல்லுங்கள். வயதில் சிறியவர்கள் என்பதால் எங்கள் இருவரையும் அங்கிருந்தபடியே ஆசீர்வதியுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் அன்பு மைத்துனன்

பி.கு.: மேலே எழுதியது எதற்கும் தாங்கள் பதில் போட வேண்டாம். கடிதத்தை ஒட்டுமுன் என் மனைவி வாங்கிப் படித்தாள். "அத்தானக் கேட்டு, அக்காவக் கேட்டு, பையனக் கேட்டு... இதுவும் ஒரு கமிட்டிதான" என்றாள். ஆணியிலிருந்து சாவியை எடுத்துக்கொண்டு குடையோடு வாசகசாலை வராந்தாவுக்குப் போனாள். திரும்பி வரும்போது டார்ச் கூட வந்தார். மாடியில் ஜன்னலைத் திறந்து பார்த்துவிட்டுப் பாயை விரித்துக்கொண்டார். தாங்கள் கோபித்துக்கொள்வதாக இருந்தால் அவள் பெயருக்கே எழுதலாமாம்.

சற்று நேரத்தில் தலைவர் வந்தார். போர்வைகளுக்குக் காவல் இல்லை, ஆளைக் கிளப்பிக்கொண்டு போனது செயலாளர் வீட்டார், ராஜினாமா இன்னும் ஏற்கப்படவில்லை, ஆகவே வேறு ஆள் கிடைக்கும்வரை செயலாளரே பொறுப்பு என்றார். நான் மனைவியின் முகத்தைப் பார்த்தேன். ஏதாவது சொல்லி என்னைக் காப்பாற்றுவாள் என்று நினைத்தேன். "போய் உக்காருங்க. அவரத் தையல்காரர் கடையிலருந்து வெளிய கூட்டிட்டு வந்தது நீங்கதான" என்றாள். நான் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு கிளம்பினேன்.

அதே வாசகசாலை வராந்தாவில் நாற்காலி போட்டு இதை எழுதுகிறேன். சாரல் அடிக்கிறது, எழுத்து அங்கங்கே கரைந்திருந்தால் மன்னிக்கவும். இருட்டத் தொடங்கிவிட்டது. டார்ச் மாடியிலிருந்து இறங்கி இங்கே வந்து தம் டார்ச் விளக்கை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார். கொடுக்கும்போது, பழக்க தோஷம், குனிந்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தார். "வேண்டாங்க, எனக்குத் தெரியும்" என்றேன். என் முதுகுக்குப் பின்னால் ஜன்னல் வழியாகக் கட்டில் தெரிகிறது. ஒரு மாதம் தொடர்ந்து நான் இங்கேயே கிடந்தால் அதற்குத் தகுதி வந்துவிடுமாம். தலைவரே சொன்னார்.